நான் பத்துக்குப் பத்து போட்ட ஒல்லி ஃபோன்

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அதற்கு மார்க் போடாமல் என்னால் கீழே வைக்க முடியாது. இதை வியாதி என்றுதான் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டை நீட்டிக்கொண்டே மாப்பிள்ளைக்கு மார்க் போட்டவள் நான். பத்துக்கு ஆறரை. மீசைக்காக ஒன்று குறைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்பே அவர் மீசையை எடுத்துவிட்டதால் அது ஏழரை ஆனது. (ஏழரை பிடித்தது அவருக்குத்தான் என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது.)

வியாதி தொற்றிய இடம் நாகர்கோவிலில் ஒரு மொபைல் கடை. படிப்பு முடித்துவிட்டு இரண்டு வருடம் அங்கே விற்பனைப் பெண்ணாக இருந்தேன். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய காலம். டச் ஃபோன்கள் அப்போதுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தன. ஆனால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், "பேசணும், கேக்கணும், சார்ஜ் நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்கிறவர்கள். அவர்களுக்கு விற்கிற பொத்தான் ஃபோன்களில் புது மாடல் எது வந்தாலும் ஒரு நாள் முழுக்க நான் அதை வைத்துப் பழகி ஒரு நோட்டில் மார்க் எழுத வேண்டும். தோற்றம், கனம், பொத்தான், பேட்டரி, டார்ச், ரேடியோ என்று தனித்தனியாக. கடை முதலாளி அண்ணாச்சி வாடிக்கையாளர் முன்னால் அந்த நோட்டை விரித்து வைத்து, "நம்ம பிள்ள மார்க் போட்டிருக்கு, பாத்தியளா?" என்பார். அவர்களும் தலையாட்டிவிட்டு நான் மிகக் குறைவாக மார்க் போட்ட ஃபோனையே வாங்கிக்கொண்டு போவார்கள். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. ஃபோனைக் கண்டுபிடித்தவரே நேரில் வந்து நின்றிருந்தால்கூட, "இந்த எடத்துல ஒரு மார்க்கு குறையுது சார்" என்று சொல்கிற அளவுக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

அப்போதுதான் அந்த ஒல்லி ஃபோன் வந்தது.

பெட்டியைத் திறந்ததும் உள்ளே ஃபோன் இல்லை, வெறும் அட்டைதான் இருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவு ஒல்லி. கறுப்பு நிறம், ஓரம் முழுக்க வெள்ளிக் கோடு. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. பொத்தான்கள் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் ஒரே தகடாக வழுவழுவென்று இருந்தன. உச்சியில் டார்ச். ஹெட்போன் மாட்டாமலே பாடுகிற ரேடியோ. ஒரு தடவை சார்ஜ் போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வரை நிற்கும். பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பொத்தான். அதற்கு நான் எழுதிய குறிப்பு எனக்கு இப்போதும் மனப்பாடம்: "பூவைத் தொடுவதுபோல் தொட்டாலே போதும், அமுங்கும். மிகச் சிறப்பு. 10/10."

எல்லாவற்றுக்கும் மேலாக அதில் ஓர் ஆபத்துக்கால வசதி இருந்தது. ஐந்து பேருடைய நம்பரை முன்கூட்டியே பதிந்து வைத்துவிட வேண்டும். ஆபத்து வந்தால் அந்தப் பக்கவாட்டுப் பொத்தானை வரிசையாக நான்கு முறை அழுத்தினால் போதும். ஃபோன் பூட்டியிருந்தாலும் ஐந்து பேருக்கும் செய்தி போய்விடும். அது மட்டுமல்ல, ஆபத்தில் இருப்பவளால் ஃபோனை எடுத்துப் பேச முடியாது அல்லவா? அதனால் அந்த ஐந்து பேரில் யார் திருப்பிக் கூப்பிட்டாலும் ஃபோன் மணி அடிக்காமல் தானாகவே எடுத்துக்கொள்ளும். அங்கே என்ன நடக்கிறது என்று அவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

நான் மலைத்துப் போனேன். என் நோட்டில் மொத்தமாகப் பத்துக்குப் பத்து வாங்கிய ஒரே ஃபோன் அதுதான். கல்யாணத்துக்காக நான் வேலையை விட்டபோது அண்ணாச்சி அதையே எனக்குப் பரிசாகக் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஐந்து நம்பர்களைப் பதிந்தேன். அப்பா, அண்ணன், மாமன் ஒருவர், எங்கள் சபைப் போதகர், கடை அண்ணாச்சி. கம்பெனி வைத்திருந்த ஆங்கில வாசகம் சப்பென்று இருந்ததால் நானே மாற்றினேன்: "நான் பெரும் ஆபத்தில் இருக்கிறேன். உடனே வாருங்கள். பிரிஸி." பிறகு அப்பாவை உட்கார வைத்து வகுப்பெடுத்தேன்.

"அப்பா, இந்த மெசேஜ் வந்தா நான் சாவக் கெடக்கேன்னு அர்த்தம். என்ன, ஏதுன்னு விசாரிச்சுட்டு நிக்கப்பிடாது. வண்டிய எடுத்துட்டு வந்துரணும்."

அப்பா ஆரல்வாய்மொழியில், மின்சாரம் எடுக்கிற ராட்சதக் காற்றாடிகள் நிற்கிற ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசர். கம்பெனி விதி எதையும் எழுத்து பிசகாமல் கடைப்பிடிக்கிறவர். என் விதியையும் அப்படியே மனதில் எழுதிக்கொண்டார். "சரி மக்களே" என்றார்.

வைகாசியில் கல்யாணம். புகுந்த வீடு கீரிப்பாறைக்குப் பக்கம். அரசு ரப்பர் தோட்டத்தை ஒட்டி அவர்களுக்கும் கொஞ்சம் ரப்பர் உண்டு. மாமனார் ஞானதாஸ் எதிரே இருப்பவரிடம் பேசுவதையும் எதிர் மலையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலத்தான் பேசுவார். வெள்ளை மனது. மாமியார் அதற்கு நேர்மாறாக மெல்லப் பேசுகிறவர். கணவர் சாம், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீடு பள்ளத்தில் இருந்ததால் ஃபோனுக்குச் சிக்னல் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறினால் இரண்டு கோடு தெரியும். தரைவழித் தொலைபேசி ஒன்று இருந்தது. அந்த மாதக் காற்றில் மரம் ஒடிந்து விழுந்து அதன் கம்பி அறுந்து கிடந்தது.

போன மறுவாரமே மாமியிடம் என் ஃபோனைக் காட்டி எல்லா வசதிகளையும் விளக்கினேன். மாமி அதை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"அப்பளம் மாதிரில்லா இருக்கு. கைல இருக்கா இல்லியான்னே தெரியல்ல. பட்டாலே அமுங்குக பொத்தான் வேற. இது என்னத்துக்கு ஆவும் மக்களே?"

நான் சிரித்தேன். (பாவம், வயதானவர், டிசைனைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். இரண்டு வருடம் நோட்டுப் போட்டு எழுதிய எனக்குத் தெரியாதது அவருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது என்பது பிறகுதான் விளங்கியது.)

கல்யாணமாகி மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை. மாமா பால் வெட்டக் கிளம்பினார். ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவி பால் எடுப்பதைத்தான் அங்கே வெட்டு என்பார்கள். நல்ல மருமகள் என்று பேர் எடுக்கிற வெறியில் இருந்த நான், "எனக்கும் சொல்லித் தாருங்க மாமா" என்றேன். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோட்டத்துப் பெண்கள் செய்வதுபோல உடுப்பின் மேல் சாமின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டேன். சட்டைப் பையில் ஒல்லி ஃபோன். போட்டதும் அது அங்கே இருப்பதையே மறந்துபோனேன். தோற்றத்துக்கும் கனத்துக்கும் முழு மார்க் வாங்கிய ஃபோன் அல்லவா!

மேட்டின் உச்சியில் இருந்த மரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போய் மாமா பாடம் தொடங்கினார்.

"வா மக்களே, பயப்படாத. மரத்த அணைச்சுப் பிடி. நல்லா சாஞ்சு நில்லு. இன்னும் கொஞ்சம். ஆங்."

சாய்ந்தேன். நிமிர்ந்தேன். கத்தி வாகாக வரவில்லை என்று மறுபடி சாய்ந்தேன். என் நெஞ்சுக்கும் ரப்பர் மரத்துக்கும் நடுவில், பூவைத் தொடுவதுபோல் தொட்டாலே அமுங்குகிற பொத்தான் எத்தனை முறை அமுங்கியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"இனி கத்திய இறுக்கிப் பிடி. கை ஆடப்பிடாது. மேல இருந்து கீழ சாய்ச்சு வெட்டணும். தோலு மட்டும் போனா போரும். எலும்புல பட்டா மரம் செத்துப்போவும்." (மரக்கட்டையை அவர் எலும்பு என்றுதான் சொல்வார்.)

வெட்டினேன். மரத்துக்குப் பதிலாக என் இடது கட்டை விரலில் கீறியது.

"மாமா, ரத்தம்!"

"அதெல்லாம் முதல்ல அப்பிடித்தான் இருக்கும். நாலு நாள் போனா பழகிரும்."

அதற்குள் சாம் பால் பிடிக்கிற சிரட்டைகளைத் துடைத்துக்கொண்டு பக்கத்து மரத்துக்கு வந்துவிட்டார். கீழே வீட்டு முற்றத்தில் இருந்து மாமி அபூர்வமாகக் குரலை உயர்த்திக் கேட்டார்: "ஏலே சாமு, கயிற எங்க வச்ச?"

"புகைப்புரையில கெடக்கும்மா!" என்று சாம் கத்தினார். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற சின்ன அறைக்குப் புகைப்புரை என்று பெயர்.

நான் விரலைச் சப்பிக்கொண்டே, அக்கறையுள்ள மருமகளாக, "பால் எடுத்த பெறவு என்ன செய்யணும் மாமா?" என்றேன். மாமா மலைகள் எதிரொலிக்க முழு முறையையும் விளக்கினார்.

"பெறவு என்ன? கொண்டுபோயி தொட்டியில விட்டு ஆசிட்டு ஊத்தணும். ஒரு நாள் அப்பிடியே கெடந்தா கட்டியாயிரும். மறுநாள் எடுத்து ரோலர்ல குடுத்து நல்லா நசுக்கணும். பப்படம்போல ஆயிரும். பெறவு புகைப்புரையில தொங்கவிட்டா வேல முடிஞ்சுது."

"நாத்தம் வராதா மாமா? பக்கத்துல உள்ளவிய ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?"

"அவிய என்ன சொல்லுகது? இந்தப் பக்கம் எல்லா வீட்டுலயும் இதுதானே செய்யாவ!"

அப்போது என் சட்டைக்குள் ஒரு சில்வண்டு கீ கீ என்று கத்தியது. மலைப்பக்கத்துப் பூச்சிகளைப் பற்றி எனக்குப் பயம் அதிகம். "மாமா, உள்ள என்னமோ கெடந்து கத்துகு!" என்று அலறினேன்.

"ஒரு அடி போடு, செத்துப்போவும்."

ஓங்கி ஒரு அடி போட்டேன். சத்தம் நின்றது. நிம்மதியாகக் கீழே இறங்கி, சிக்னல் இல்லாத பள்ளத்துக்கு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதே நேரத்தில் ஆரல்வாய்மொழியில் என்ன நடந்தது என்பதை அப்பா பிறகு சொல்லித்தான் அறிந்தேன். ஆனி மாதம். கணவாய் வழியாக வருகிற காற்று மனிதர்களையே தள்ளிக்கொண்டு போகும், சொற்கள் எம்மாத்திரம்? அப்பா ஒரு காற்றாடியின் அடியில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. விசாரித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் பெற்ற மனது, ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடிக்காமலே ஃபோன் எடுக்கப்பட்டது. சத்தத்தை முழுதாகக் கூட்டி, காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டார். பாதியைக் காற்று கொண்டுபோனது. மீதி அவர் காதில் விழுந்தது.

"இறுக்கிப் பிடி... ஆடப்பிடாது... சாய்ச்சு வெட்டணும்... தோலு... எலும்பு... செத்துப்போவும்..."

என் குரல்: "மாமா, ரத்தம்!"

"...முதல்ல அப்பிடித்தான்... பழகிரும்..."

"...கயிற எங்க வச்ச?"

"...ஆசிட்டு ஊத்தணும்... ரோலர்ல குடுத்து நசுக்கணும்... தொங்கவிட்டா வேல முடிஞ்சுது..."

"...எல்லா வீட்டுலயும் இதுதானே செய்யாவ!"

அப்பா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். "பிரிஸி! மக்களே! பிரிஸி!" என்று உயிர் போகிற மாதிரி கத்தியிருக்கிறார். அதுதான் எனக்குச் சில்வண்டாகக் கேட்டது. பிறகு அவர் காதில் விழுந்தது "ஒரு அடி போடு, செத்துப்போவும்" என்பதும், டொப்பென்று ஒரு அடியும். அதோடு தொடர்பு அறுந்தது. மறுபடி மறுபடி கூப்பிட்டாலும், நான் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. (எந்த எல்லைக்கு அப்பால் என்று அப்பா எண்ணினாரோ, நான் இன்றுவரை கேட்டதில்லை.)

அண்ணன் ஸ்டீபன் அதே தோட்டத்தில் மெக்கானிக். காற்றாடியின் உச்சியில் ஏதோ நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவன், செய்தியைப் பார்த்ததும் ஏணியில் இறங்கவில்லை, வழுக்கினான். கையில் இருந்த முழநீள ஸ்பேனரைக் கீழே வைக்கவும் மறந்துபோனான். கம்பெனி ஜீப்பில் இருவரும் ஏறினார்கள்.

போதகர் அந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு காலை ஜெபத்தில் இருந்தார். எந்தச் செய்தி வந்தாலும் வாய்விட்டு வாசிக்கிற பழக்கம் அவருக்கு. வாசித்தார். ஜெபக் கூட்டம் அப்படியே எழுந்து சபை வேனில் ஏறியது. மாமனுடைய ஃபோன் நல்லவேளையாக அணைந்திருந்தது. கடை அண்ணாச்சி மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை. வேலையை விட்டுப் போன பிறகும் பிள்ளை பொறுப்பாக ஃபோனைச் சோதித்துப் பார்க்கிறது என்று எண்ணிக்கொண்டு, "பாத்தியளா, எப்பிடி வேல செய்யுது!" என்று கடைக்கு வந்திருந்தவர்களிடம் அந்தச் செய்தியைக் காட்டியே இரண்டு ஃபோன் விற்றிருக்கிறார்.

கீரிப்பாறைக்குப் போகிற பாதை ஒடுக்கமானது. ஜீப்புக்கு முன்னால் தோட்டத் தொழிலாளர் பஸ் ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அண்ணன் ஜீப்புக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி ஸ்பேனரை ஆட்டிக்கொண்டு, "வழி விடுங்க! எனக்க தங்கச்சியக் கொல்லுகாவ!" என்று கத்தினான். பஸ் வழி விடவில்லை. எந்த வீடு என்று கேட்டுவிட்டு அதுவே முன்னால் வேகமெடுத்தது.

நான் அப்போது புகைப்புரைக்குள் இருந்தேன். முந்திய நாள் தொங்கவிட்ட ஷீட்டுகளைத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தார் மாமி. ஒவ்வொரு ஷீட்டாகத் தடவிப் பார்த்து நிறத்துக்கும் கனத்துக்கும் மனதுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பஸ் சத்தம் கேட்டது. பிறகு ஜீப், பிறகு வேன். பிறகு ஓர் ஊரே அழுவதுபோல ஒரு சத்தம்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். என் கோலத்தைச் சொல்லிவிடுகிறேன். புகையில் இரண்டு கண்ணும் சிவந்து நீராகக் கொட்டியது. முகமெல்லாம் கரி. விரலில் ரத்தக்கறையோடு துணிக் கட்டு. உடம்பில் பாலும் கறையுமாக ஒரு ஆண் சட்டை. முற்றத்தில் மாமா ஆசிட் கேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மாமி, கையில் கயிறு. பக்கத்தில் சாம், ரோலரின் கைப்பிடியைப் பிடித்தபடி.

அப்பா அவை ஒவ்வொன்றையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்க மக்களே!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். என் தலை, முகம், கை, காது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுவதுபோல இருந்தது. அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

இத்தனை பேர் அழுதுகொண்டு வந்திருந்தால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். "அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு?" என்று நானும் அழ ஆரம்பித்தேன். நான் அழுததைப் பார்த்த மாமி, சம்பந்தியம்மா போய்விட்டார்கள் என்று முடிவுகட்டி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அதைக் கேட்டு வேனில் வந்த பெண்கள், நாம் வருவதற்குள் வேறு யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று இன்னும் பெரிதாக அழுதார்கள். போதகர் வேத புத்தகத்தைத் திறந்து, அடக்க ஆராதனைப் பக்கத்தை எடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்.

அண்ணன் மட்டும் அழவில்லை. மாமாவுக்கு முன்னால் ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு போய் நின்றான்.

"ஓய், அந்தக் கேனக் கீழ வையும்!"

மாமா வைத்தார். "மக்கா, என்ன விஷயம்? யாரு செத்தா?" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லிய குரலில் பேசினார்.

அப்பா என்னை விடாமலே திரும்பினார். "ஞானதாஸ், நீரு ஒரு மனுசனா? எனக்க பிள்ளைய வெட்டி, ஆசிட்டு ஊத்தி, ரோலர்ல நசுக்கித் தொங்கவிடணும்னு சொன்னீரே, எனக்க காதால கேட்டேன்! இந்தப் பக்கம் எல்லா வீட்டுலயும் இதுதான் செய்வியளோ?"

பஸ்ஸில் வந்த தொழிலாளிகளில் ஒரு அக்காதான் முதலில் சிரித்தவர். வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யோ அப்பச்சி, அது ரப்பருக்க காரியமில்லா!" என்றார்.

அப்பா தன் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அப்ப இது என்ன?"

நான் பெரும் ஆபத்தில் இருக்கிறேன். உடனே வாருங்கள். பிரிஸி.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஒல்லி ஃபோனை எடுத்தேன். அனுப்பிய செய்திகளின் வரிசை திரையில் தெரிந்தது. தரை பிளந்து என்னை விழுங்கிவிட்டால் நல்லது என்றிருந்தது. அந்த நிலையிலும் என் வியாதி என்னைப் பேச வைத்தது பாருங்கள். நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"அப்பா, அஞ்சு பேருக்கும் ஒரே நிமிசத்துல போயிருக்கு!"

அண்ணன் ஸ்பேனரை என் பக்கம் திருப்பினான்.

பிறகு மாமா அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மரத்தில் வெட்டிய இடத்தைக் காட்டினார். தொட்டியைக் காட்டினார். ஆசிட் கேனைக் காட்டினார். ஒரு ஷீட்டை ரோலரில் கொடுத்து நசுக்கிக் காட்டினார். புகைப்புரையைத் திறந்து, தொங்கிக்கொண்டிருந்ததைக் காட்டினார். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அப்பாவின் தலை தாழ்ந்துகொண்டே போனது. கடைசியில் புகைப்புரை வாசலில் நின்று, கைகூப்பினார்.

"சம்பந்தி, என்ன மன்னிக்கணும். சொல்லப்பிடாத வார்த்தையச் சொல்லிட்டேன்."

ஊரே கூடி நிற்கிறது. நான் வந்த மூன்றாவது வாரம், அவர் முற்றத்தில் வைத்து அவரைக் கொலைகாரன் என்று சொன்னது என் வீடு. இனி நான் இந்த வீட்டில் இருப்பேனா, ஜீப்பிலேயே திரும்புவேனா என்பது அவர் சொல்லப்போகிற பதிலில் இருந்தது.

மாமா அப்பாவின் கூப்பிய கைகளைப் பிரித்துவிட்டார். "நீரு எத்தன மணிக்கு மெசேஜ் பாத்தீரு?"

"ஏழே கால் இருக்கும்."

"இப்பம் எட்டரை ஆகல்ல. இந்தக் காத்துல, இந்த ரோட்டுல." அப்பாவின் கையை விடாமலே சொன்னார். "எனக்கு ஒரு மோளு இருந்து, அவகிட்ட இருந்து இப்பிடி ஒரு மெசேஜ் வந்திருந்தா, நானும் இதத்தான் கேட்டிருப்பேன். ஒரு அடியும் கூடக் குடுத்திருப்பேன். வாரும், சாயா குடிப்போம்."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். பஸ் ஆட்கள், ஜீப் ஆட்கள், வேன் ஆட்கள் எல்லாருக்கும் பால் இல்லாத கட்டன்சாயாவும், மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும். அழுதழுது களைத்திருந்த ஜெபக்குழுப் பெண்கள் கிழங்கை ஒரு கை பார்த்தார்கள். வந்ததுதான் வந்தோம் என்று ரோலரைச் சுற்றிப் பார்த்தார்கள். போதகர் ஒரு நன்றி ஜெபம் செய்தார். (அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவருடைய பிரசங்கங்களில், 'அவசரப்பட்டு நியாயம் தீர்க்காதிருங்கள்' என்கிற இடத்தில் எல்லாம் நான் வந்தேன். பெயர் சொல்ல மாட்டார். ஆனால் சபை முழுவதும் திரும்பி என் அப்பாவைப் பார்க்கும்.)

எல்லாரும் போன பிறகு நான் முற்றத்தில் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். சாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கழுவிய தம்ளர்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே கேட்டார்:

"அந்த அஞ்சு நம்பரு யார் யாருக்க நம்பரு?"

சொன்னேன். அப்பா, அண்ணன், மாமன், போதகர், அண்ணாச்சி.

"நான் இல்லியா?"

அன்று காலையில் இருந்து எத்தனையோ அதிர்ச்சி. ஆனால் என்னை உண்மையில் அடித்தது இந்த ஒன்றுதான். ஸ்பேனர், அழுகை, ஊர்க்கூட்டம் எதுவும் இதற்கு முன்னால் நிற்காது. கல்யாணமாகி மூன்று வாரம் அந்த ஃபோனைத் தடவித் தடவி, அதன் ஒவ்வொரு வசதியையும் வீட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் விளக்கியிருக்கிறேன். பக்கத்திலேயே இருக்கிற மனிதரின் நம்பரை அதில் சேர்க்க வேண்டும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

"அஞ்சு பேருக்குத்தான் எடம் உண்டு" என்றேன். என்ன ஒரு பதில்! சொன்ன வாயைக் கிணற்றில் கழுவலாம்.

அவர் கோபப்படவில்லை. "சரி, அப்ப ஒருத்தர எடுக்கணும்லா" என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா.

ஈரக் கையோடு இருவரும் மேட்டுக்கு ஏறினோம். யாரை எடுப்பது என்று அரை மணி நேரம் யோசித்தோம். மாமனை எடுத்தால் கோபித்துக்கொள்வார். அண்ணாச்சி தந்த ஃபோனில் இருந்து அண்ணாச்சியையே எடுப்பது நியாயமில்லை. கடைசியில், கர்த்தருக்கு எப்படியும் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று சாம் சொன்னதன்பேரில் போதகரை எடுத்தோம். அவருடைய இடத்தில் சாமின் நம்பரைப் பதிந்தேன். பதிந்ததும், வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் பொத்தானில் கையை வைத்தார். நான் பாய்ந்து ஃபோனைப் பிடுங்கினேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்பாவும் மாமாவும் சம்பந்திகள் என்பதைத் தாண்டி, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்கிற கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். இருவருக்கும் வயதாகிவிட்டது, இருவரிடமும் இப்போது டச் ஃபோன். ஆனாலும் மலைப்பக்கம் மழை பிடித்துக்கொண்டு ரப்பர் வெட்டு நின்றுபோகிற காலையில் எல்லாம், அப்பாவுக்கு மாமாவிடம் இருந்து ஒரு ஃபோன் வரும். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. எதிர் மலையைக் கூப்பிடுகிற அதே குரலில் மாமா சொல்வார்:

"சம்பந்தி, இன்னைக்கு மழ. யாரையும் வெட்டல்ல."

அப்பா நிதானமாகப் பதில் சொல்வார்:

"அப்ப சரி. வண்டியத் திருப்பச் சொல்லுகேன்."